மூச்சை எண்ணுங்கள்: நலாக்சோன் பற்றி வாசகர் கேட்டவை

ஓபியாய்டு வகை மருந்து (மார்ஃபின் போன்ற கடும் வலிநிவாரணி) அளவு மீறினால் வீட்டில் என்ன செய்வது, அதை முறிக்கும் மாற்று மருந்தான நலாக்சோனை எப்படிக் கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டபென்டடால், கோடீன், ஆக்சிகோடோன், மெதடோன், பியூப்ரினார்ஃபின், இவற்றோடு ஹெராயின், எல்லாம் ஒரே குடும்பம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் மாத்திரை தருகிறோம். கூடவே ஒரு நலாக்சோன் ஸ்பிரேயும் எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். அப்பா அடித்துப் போட்டாற்போல் தூங்கினாலே எனக்குக் கை உதறுகிறது. தூக்கமா, ஆபத்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுப்பிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். சோதனை இந்த இரண்டுதான். மற்றதெல்லாம் துணைச் சாட்சி.

பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள், தோளை உலுக்குங்கள். அசைவில்லை என்றால் கையை மடக்கி, விரல் முட்டிகளால் நெஞ்சின் நடு எலும்பில் அழுத்தி மேலும் கீழும் தேயுங்கள். நன்றாக வலிக்கும். வெறும் தூக்கம் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு உங்கள் கையைத் தட்டிவிடுவார், கேட்டதற்கு ஏதாவது பதில் சொல்வார்.

அடுத்து மூச்சு. மேல்வயிற்றில் உள்ளங்கையை லேசாக வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். அது 10-க்குக் கீழே இறங்கி, ஆளும் எழவில்லை என்றால் ஓவர்டோஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் அசைவற்றுக் கிடந்து, 10 விநாடி பார்த்தும் ஒரு மூச்சுகூட வரவில்லை என்றால் அரை நிமிடம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

காதும் உதவும். வழக்கமில்லாத கரகரத்த குறட்டை, தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தம் இரண்டும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழி அடைபடுவதற்கு அடையாளம். "அப்பாடா, நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார்" என்று கதவைச் சாத்திவிட்டு வருவது உயிரைப் பறித்திருக்கிறது. உதடும் நகமும் நீலம் பாயும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் மாநிறத் தோலில் நீலத்தைத் தேடினால் கிடைக்காது. உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள், சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருக்கும்.

கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருப்பதும் ஒரு குறிதான். ஆனால் தினமும் மார்ஃபின் எடுப்பவருக்கு நல்ல நாளிலும் கண்மணி சின்னதாகவே இருக்கும். பிராணவாயு இல்லாமல் நேரம் கடந்துவிட்டவருக்கு விரிந்தும் போயிருக்கும். கண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை. அப்பா சோர்ந்திருக்கிறார், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் ஸ்பிரேயைத் தொடாதீர்கள். மார்ஃபின் அடக்கி வைத்திருக்கும் வலி முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பி வந்துவிடும். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நோய் முற்றிய நிலையில் மூச்சின் போக்கு தானாகவே மாறும். அந்தக் கட்டத்தில் நலாக்சோன் வேண்டுமா, வேண்டாமா என்பதை இப்போதே அவரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மாற்று மருந்து என்றால் உடம்பில் இருக்கும் மார்ஃபினை அழித்துவிடுமா? மாத்திரையாக ஏன் வருவதில்லை?

அழிக்காது. இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் உடனே "மூச்சை இழு" என்று ஆணையிடும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அவற்றின் மேல் 'மியூ' என்ற ஏற்பிகள், அதாவது மருந்து வந்து உட்காரும் இருக்கைகள், உண்டு. ஓபியாய்டு போய் அவற்றில் உட்கார்ந்துவிட்டால் கரியமில வாயு எவ்வளவு கூச்சல் போட்டாலும் மூளைத்தண்டுக்குக் கேட்காது. திணறலும் துடிப்பும் இல்லாமலே மூச்சு மெலிந்து நிற்பது இதனால்தான். பக்கத்து அறையில் இருப்பவருக்குப் போராடும் சத்தம் எதுவும் கேட்காது.

நலாக்சோன் அதே இடத்துக்கு வந்து, உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். உட்கார்ந்து வேறெதுவும் செய்யாது. 30 முதல் 90 நிமிடத்தில் எழுந்து போய்விடும். தள்ளப்பட்ட ஓபியாய்டோ உடம்பைவிட்டு எங்கும் போகவில்லை, காலியான இடத்துக்கு மறுபடி வரும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை நீங்களே சொல்லிவிடலாம்.

1961-இல் காப்புரிமை கோரப்பட்டு, அமெரிக்காவில் 1971-இல் அனுமதி பெற்ற பழைய மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1983 முதல் இருக்கிறது. ஓபியாய்டு இல்லாத உடம்பில் சும்மா வந்து சும்மா போகும். போதையும் தராது, பழக்கமும் ஆகாது. "மயக்கம் ஓபியாய்டாலா, வேறு காரணமா என்று தெரியவில்லையே" என்று தயங்க வேண்டாம் என்பது அதனால்தான்.

விழுங்கினால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கேயே ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடும். மூக்குச் சவ்வு வழியாகவோ தசை, இரத்தக்குழாய் வழியாகவோதான் கொடுத்தாக வேண்டும். தவிர, நினைவில்லாதவர் வாயில் எதைப் போட்டாலும் அது நுரையீரலுக்குத்தான் வழி தேடும்.

கேள்வி: வீட்டில் நான் ஒருத்திதான். போன் செய்வதா, ஸ்பிரே அடிப்பதா, மூச்சு கொடுப்பதா? எது முதலில்?

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்து "ஆள் எழவில்லை, மூச்சு சரியாக இல்லை" என்று சொல்லுங்கள், முகவரியைச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே மற்றதைச் செய்யலாம்.

ஆளை மல்லாக்கக் கிடத்துங்கள், முடிந்தால் தரையில். தலையணையை உருவிவிடுங்கள், தலை முன்னால் மடங்கினால் தொண்டை அடைபடும். வாயில் மாத்திரையோ வாந்தியோ கண்ணுக்குத் தெரிந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி வழித்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தேடி விரலைவிட்டுத் துழாவ வேண்டாம்.

ஸ்பிரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதை அடித்துவிட்டு மூச்சு கொடுக்கத் தொடங்குங்கள், பத்து விநாடி வேலை. வேறு அறையில் இருந்தால் முதலில் நாலைந்து மூச்சு கொடுத்துவிட்டு ஓடிப் போய் எடுத்து வாருங்கள். பிராணவாயு இல்லாமல் நாலு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை சேதமாகத் தொடங்கும். மருந்து வேலை செய்யவே இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியை உங்கள் மூச்சுதான் நிரப்ப வேண்டும். நலாக்சோனே இல்லாத இடத்திலும் ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு கொடுத்தே ஆளைக் காப்பாற்ற முடியும்.

மூச்சு கொடுக்கும் முறை: ஒரு கை நெற்றியில், இன்னொரு கையின் இரண்டு விரல் மோவாய் எலும்புக்குக் கீழே. தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்குங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்து, உங்கள் வாயால் அவர் வாயை முழுக்க மூடி ஒரு விநாடி ஊதுங்கள். ஓரக்கண்ணால் நெஞ்சைப் பாருங்கள், எழும்ப வேண்டும். 5 அல்லது 6 விநாடிக்கு ஒரு மூச்சு போதும். பதற்றத்தில் வேகவேகமாக, பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போகும், வாந்தி வரும். நெஞ்சுக்குப் பதில் வயிறு உப்புகிறது என்றால் தலை போதுமான அளவு சாயவில்லை. பலத்தைக் கூட்டாமல் தலையைச் சரிசெய்யுங்கள். வாயோடு வாய் வைக்கத் தயக்கமா? ஒருவழி வால்வு வைத்த முகமூடி சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவில் கிடைக்கிறது. அதை ஸ்பிரே பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.

மேலே சொன்னது மெதுவாகவாவது மூச்சு ஓடிக்கொண்டிருப்பவருக்கும், மூச்சு நின்றும் நாடி இருப்பவருக்கும். மூச்சே இல்லை, அல்லது கரையில் போட்ட மீன் போல எப்போதாவது ஒருமுறை வாயைத் திறக்கிறார், நாடி பார்க்கவும் உங்களுக்குத் தெரியாது என்றால் சி.பி.ஆர். தொடங்குங்கள். நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு, மறுபடி 30. நலாக்சோன் நின்ற இதயத்தை ஓட்டாது, ஆகவே அதற்காக அழுத்துவதை நிறுத்தாதீர்கள். இன்னொருவர் வந்தால் அவர் அடிக்கட்டும்.

கேள்வி: மூக்கு ஸ்பிரேயில் எங்கே தவறு நடக்கும்?

ஒருமுறை சும்மா அழுத்திப் பார்ப்பதில்தான். சளிக்கு அடிக்கிற ஸ்பிரேயை முதலில் காற்றில் இரண்டுமுறை அடித்துப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்யும். நலாக்சோன் ஸ்பிரேயில் இருப்பது ஒரே ஒரு வேளை மருந்து. காற்றில் அடித்தால் தீர்ந்தது.

மருந்தின் அளவு 0.1 மி.லி., இரண்டு சொட்டுதான். அடித்த பிறகு மூக்கில் ஈரம்கூடத் தெரியாது. "ஒன்றும் வரவில்லை போல" என்று அதையே மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டு நிற்பார்கள் சிலர். பிஸ்டன் கடைசிவரை உள்ளே போயிருந்தால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த வேலையைப் பாருங்கள்.

பிடிக்கும் விதம்: உறையைப் பின்பக்கமாக உரித்து எடுங்கள். கட்டைவிரல் அடியில் உள்ள பிஸ்டனில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூக்குக்குழலின் இருபுறமும். கழுத்துக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தலையைச் சாய்த்து, உங்கள் விரல்கள் அவர் மூக்கின் அடியைத் தொடும்வரை நுனியை உள்ளே விடுங்கள். அப்புறம் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பயந்துபோய் நுனியை மூக்கின் வாசலிலேயே வைத்து அழுத்தினால் மருந்து வெளியே வழியும். அவர் மூச்சை உள்ளிழுக்க வேண்டிய அவசியமில்லை, சவ்வு தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு துளையில் இரத்தமோ சளி அடைப்போ இருந்தால் மற்றதில் அடியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ஸ்பிரே கிடைக்கவில்லை, ஆம்பியூல்தான் (ஊசி மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) கொடுத்தார்கள். ஊசி போட்டுப் பழக்கமில்லாதவர் போடலாமா? அந்த மருந்தையே மூக்கில் விடலாமா?

போடலாம். முன்கூட்டியே ஒருமுறை நர்ஸ் யாரையாவது வைத்துக் கைப்பழக்கம் செய்துகொள்ளுங்கள். இந்த மருந்துக்கு இரத்தக்குழாயைத் தேட வேண்டியதில்லை, தசை போதும்.

வழக்கமான ஆம்பியூலில் 1 மி.லி.யில் 0.4 மி.கி. இருக்கும். வேறு செறிவிலும் வருவதால் லேபிளை இன்றைக்கே, அமைதியாக இருக்கும்போது படித்து வையுங்கள். கூடவே 1 அங்குலம் முதல் 1.5 அங்குலம் வரை நீள ஊசி பொருத்திய சிரிஞ்சு இரண்டு மூன்று வேண்டும். இன்சுலின் சிரிஞ்சு உதவாது. அதன் ஊசி குட்டை, தோலடியிலேயே நின்றுவிடும், மருந்து ஏற நேரமாகும்.

ஆம்பியூலின் கழுத்துக்கு மேலே தங்கிய திரவத்தை விரலால் சுண்டிக் கீழே இறக்குங்கள். கழுத்தில் புள்ளி இருந்தால் அது உங்களைப் பார்க்கட்டும். துணியைச் சுற்றிப் பிடித்து, உங்களுக்கு எதிர்த்திசையில் முறியுங்கள். வெறுங்கையால் முறித்து விரலைக் கிழித்துக்கொள்பவர்கள் அதிகம். முழு 1 மி.லி.யையும் இழுத்து, தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் செங்குத்தாகக் குத்தி அழுத்துங்கள். அவசரத்தில் பேன்ட், சேலை, லுங்கி எதன் மேலாகவும் குத்தலாம். மேற்கையின் தோள்தசையும் சரி. சின்னக் காற்றுக்குமிழி உள்ளே போனால் தசையில் ஒன்றும் ஆகாது, அதைத் தட்டித் தட்டி நேரத்தைக் கரைக்காதீர்கள்.

மூக்கில் விடும் கதை வேறு. 0.4 மி.கி. மூக்குக்குப் போதாது, 1 மி.லி. அளவு மூக்குக்கு அதிகம். வழிந்து தொண்டைக்குள் போய்விடும். மூக்கு ஸ்பிரே 4 மி.கி.யை 0.1 மி.லி.க்குள் அடக்குவது இதனால்தான். 2 மி.லி.யில் 2 மி.கி. நிரப்பிய சிரிஞ்சும், அதன் நுனியில் பொருத்தித் தூவாலையாக்கும் கருவியும் இருந்தால் ஒவ்வொரு துளையிலும் 1 மி.லி. வீதம் அடிக்கலாம். கையில் இருப்பது சாதாரண ஆம்பியூல் என்றால் தொடைதான்.

கேள்வி: முதல் வேளைக்கு எழவில்லை என்றால்? இன்னும் வீரியமாக 8 மி.கி. ஸ்பிரே வந்திருக்கிறதாமே, அதையே வாங்கி வைத்தால் என்ன?

அடித்த நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். பதற்றத்தில் 40 விநாடி ஐந்து நிமிடமாகத் தெரியும். அடுத்தடுத்து எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்துவிடுவார்கள். 2 முதல் 3 நிமிடம் மூச்சு கொடுத்துக்கொண்டே இருங்கள். அதற்குள் மூச்சு தேறவில்லை என்றால் புதிய ஸ்பிரேயை மற்ற துளையில் அடியுங்கள், அல்லது இன்னொரு 0.4 மி.கி. ஊசி. மருந்து இருக்கும்வரை இதே இடைவெளிதான்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பது குறி இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 10-க்கு மேல் சீராக ஓடி, உதட்டில் நிறம் திரும்பினால் மருந்து தன் வேலையை முடித்துவிட்டது. கண் திறக்காவிட்டாலும் அடுத்ததை அடிக்க வேண்டாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்திருந்தால் மூச்சு திரும்பிய பிறகும் ஆள் மணிக்கணக்கில் தூங்குவார். டயஸெபாம், அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகள், மது, நரம்புவலிக்கான ப்ரீகாபலின் எதையும் நலாக்சோன் தொடாது. விலங்குகளுக்கான மயக்கமருந்தான ஸைலஸினும் அப்படியே; சில நாடுகளில் தெருவில் விற்கும் ஃபென்டனிலில் அதைக் கலக்கிறார்கள்.

மூச்சே தேறவில்லை என்றால் காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும்: உள்ளே போன ஓபியாய்டு அதிகம்; பியூப்ரினார்ஃபின் போல ஏற்பியை உடும்புப்பிடியாகப் பிடிக்கும் வகை; ஓபியாய்டே இல்லாத வேறு காரணம், உதாரணமாகச் சர்க்கரை தாழ்ந்துபோவது, தலையில் அடி; அல்லது மூளையும் இதயமும் ஏற்கெனவே சேதப்பட்டுவிட்டன. எதுவானாலும் மூச்சு கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

8 மி.கி. பற்றி: நியூயார்க் மாநிலக் காவல்துறையினர் 8 மி.கி.யும் 4 மி.கி.யும் கொடுத்ததை ஒப்பிட்டு 2024-இல் ஓர் அறிக்கை வந்தது. உயிர் பிழைத்தவர் விகிதத்தில் வித்தியாசம் இல்லை, கொடுக்க வேண்டியிருந்த வேளைகளும் ஏறக்குறைய அதே. 8 மி.கி. வாங்கியவர்களுக்கு வாந்தி உள்ளிட்ட உபாதைகள்தான் அதிகம். ஒரு 8 மி.கி.யைவிட இரண்டு 4 மி.கி. வீட்டில் இருப்பதே எங்கள் தேர்வு.

கேள்வி: தம்பிக்கு ஸ்பிரே அடித்து எழுப்பினோம். எழுந்ததும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, நடுங்கிக்கொண்டே வெளியே கிளம்பிவிட்டான். காப்பாற்றியதற்கு இதுவா பலன்?

அவர் திட்டியதை மனதில் வைக்காதீர்கள். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நிம்மதியாகக் கிடந்தவரை யாரோ உலுக்கி, வாந்தி, வியர்வை, எலும்பு வலி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் தலையில் கொட்டியிருக்கிறார்கள். பழக்கப்பட்ட உடம்பிலிருந்து ஓபியாய்டைச் சட்டென்று தள்ளிவிடுவதால் வருவது இது. கொடுமையான அவஸ்தை, ஆனால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை.

ஆபத்து அவர் வெளியே போனதில் இருக்கிறது. அவஸ்தை தாங்காமல் மறுபடி எடுப்பார். நலாக்சோன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் போதை ஏறாது. ஏறவில்லையே என்று இன்னும் எடுப்பார். ஒரு மணி நேரம் கழித்து நலாக்சோன் எழுந்து போகும்போது முன்பு இருந்தது, இப்போது எடுத்தது இரண்டும் சேர்ந்து அமுக்கும். மெதடோன், மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் ஆகியவை உள்ளே இருந்தால் புதிதாக எதுவும் எடுக்காமலே இது நடக்கும், அவை ஒரு நாள் முழுக்க வேலை செய்பவை. மருத்துவமனையில் இதற்காகத்தான் நலாக்சோனை இரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஓட்டுவார்கள். எழுப்பப் போதுமாக இருந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கை மணிக்கு மணி ஏற்றுவது வழக்கம்.

எழுந்ததும் குற்றம் சாட்டாதீர்கள், எடுத்ததைப் பற்றி விசாரணை வேண்டாம். "மூச்சு நின்னுடுச்சுடா, மருந்து அடிச்சோம். இந்த அவஸ்தை ஒரு மணி நேரத்துல குறையும். இப்ப எதுவும் எடுத்தா வேலை செய்யாது, அப்புறம் மறுபடி மூச்சு நிக்கும். கூடவே இரு" என்று தணிந்த குரலில், இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் ஏற மறுத்தாலும் குறைந்தது நாலு மணி நேரம் யாராவது பக்கத்தில் இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும்.

படுக்க வைத்தால் ஒருக்களித்துத்தான். உங்கள் பக்கத்துக் கையை உடம்புக்குச் செங்குத்தாக நீட்டுங்கள். மறுகையை மடக்கிப் புறங்கையைக் கன்னத்தடியில் வையுங்கள், தூரத்து முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்களை நோக்கி உருட்டுங்கள். மடங்கிய முழங்கால் முட்டுக் கொடுத்து, மறுபடி மல்லாந்துவிடாமல் தடுக்கும். வாந்தி வந்தால் வெளியே வழியும்.

கேள்வி: பச்சைத் தண்ணீரை ஊற்றுவது, மோர் கொடுப்பது, உப்புத் தண்ணீர் ஊசி போடுவது?

எதுவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் உடம்புதான் குளிரும், மூச்சு வராது. வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும். உப்புத் தண்ணீர் ஊசியால் போகிற ஐந்து நிமிடம் திரும்பாது. வாந்தி எடுக்க வைப்பதும் இதே பட்டியல்தான்.

கேள்வி: ஃபென்டனில் தூளைத் தொட்டாலே மயங்கிவிடுவார்களாமே? உதவி செய்யப் போகவே பயமாக இருக்கிறது.

தற்செயலாகத் தோலில் பட்ட தூள் அவ்வளவு வேகமாக உள்ளே போகாது. அமெரிக்க மருத்துவ நச்சியல் அமைப்புகள் இரண்டு 2017-இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டன. கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முடிந்ததும் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். மதுச்சாரம் கலந்த கைத்திரவம் வேண்டாம். உங்கள் தயக்கம்தான் அவருக்குப் பெரிய ஆபத்து.

கேள்வி: ஃபென்டனில் போன்ற வலி மருந்து ஒட்டுப்பட்டையைத் தோலில் ஒட்டியிருப்பவருக்கு மூச்சு குறைந்தால்?

பட்டையைக் கழற்றுங்கள், முதுகு, மேற்கை, நெஞ்சு எல்லா இடத்திலும் தேடுங்கள். பழையதைக் கழற்றாமலே புதியதை ஒட்டியிருப்பதும் உண்டு. ஆனால் கழற்றியதும் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். ஃபென்டனில் தோலுக்கடியில் தேங்கியிருக்கும். இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 17 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். இந்த நோயாளிக்கு மருத்துவமனை கட்டாயம்.

பட்டையின் மேல் வெந்நீர்ப் பை வைத்தாலோ, கடும் காய்ச்சல் வந்தாலோ மருந்து வேகமாக உள்ளே இறங்கும். பயன்படுத்திய பட்டையிலும் மருந்து மிச்சமிருக்கும். குழந்தை அதை எடுத்து வாயில் வைத்தாலோ, பொம்மைக்கு ஒட்டுவதுபோல் தன் உடம்பில் ஒட்டிக்கொண்டாலோ உயிர் போகலாம். பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து அப்புறப்படுத்துங்கள்.

குழந்தை விழுங்கிவிட்டால் ஸ்பிரே அடிக்கலாமா என்று தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். அடிக்கலாம், அதே ஸ்பிரே, அதே அளவு. மூச்சு மட்டும் 2 முதல் 3 விநாடிக்கு ஒன்று, கன்னத்தளவு காற்று. குழந்தைகளுக்கு ஓபியாய்டு இன்றி வேறு காரணத்தால் மூச்சு நிற்பதே அதிகம் என்பதால் மூச்சு கொடுப்பதைத் தள்ளிப் போடவே கூடாது. கர்ப்பிணிக்கும் தயங்காமல் கொடுக்க வேண்டும். தாய்க்கு மூச்சில்லை என்றால் சிசுவுக்கும் இல்லை. ஒருக்களிப்பது இடப்பக்கமாக.

கேள்வி: மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்து சுத்தமாக வந்தவர், பழைய அளவையே எடுத்து இறந்துவிட்டார். முன்பு அதைத் தினமும் எடுத்தவர்தானே?

அதனாலேயே. தினமும் எடுக்கும்போது உடம்பு அந்த அளவுக்குப் பழகிக்கொள்கிறது. நிறுத்திய சில நாட்களிலேயே அந்தத் தாங்குதிறன் சரியத் தொடங்கிவிடும், கைக்கோ பழைய அளவுதான் ஞாபகம். சிறை, மருத்துவமனை, மறுவாழ்வு மையம் எதிலிருந்து வெளியே வந்தாலும் முதல் சில வாரங்கள்தான் மிக அபாயமானவை. தனியாக இருக்கும்போது எடுப்பது, மதுவோடும் தூக்க மாத்திரையோடும் கலப்பது, நுரையீரல் நோய், மார்ஃபினின் வீரியமுள்ள சிதைபொருள்களை வெளியேற்ற முடியாத சிறுநீரகம், எல்லாம் இதோடு சேரும். மையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே குடும்பத்தார் கையில் நலாக்சோனைக் கொடுத்து அனுப்பக் கேளுங்கள்.

அங்கே நால்ட்ரெக்ஸோன் மாத்திரை கொடுத்திருக்கலாம். பெயர் காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அது நலாக்சோன் அல்ல. மறுபடி எடுக்காமல் இருக்கத் தினசரி விழுங்குவது அது; மூச்சு நின்றவருக்குக் கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: எங்கே வைப்பது? தேதி முடிந்துவிட்டால்?

ஃபிரிட்ஜ் வேண்டாம், 25 டிகிரிக்குக் கீழ் இருக்கும் அறை போதும். ஸ்பிரே இடையிடையே 40 டிகிரி வரை தாங்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் அதையும் தாண்டும். கடுங்குளிரில் உறைந்துபோனால் அழுத்தினாலும் வராது. 15 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்தால் சரியாகிவிடும். ஆம்பியூலை அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள், வெளிச்சம் ஆகாது. 4 மி.கி. ஸ்பிரே ஒன்றின் ஆயுளை 2024-இல் 3 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக நீட்டினார்கள், அது புதிதாகத் தயாராகி வருபவற்றுக்கு. தேதி முடிந்தது மட்டும்தான் கையில் இருக்கிறது, ஆள் மூச்சில்லாமல் கிடக்கிறார் என்றால் அதையே அடியுங்கள். வீரியம் குறைந்திருக்கலாம், கெடுதல் செய்யாது.

மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், நலாக்சோனைப் பூட்டாதீர்கள். நோயாளியின் தலையணைக்கடியில் பத்திரமாக வைத்துவிட்டு அவரிடம் மட்டும் சொல்லிவைக்கிற வீடுகள் இருக்கின்றன. தேவைப்படும் நேரத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத ஒரே ஆள் அவர்தான்.